கதவுக்கு முந்தைய கதவு

"ஏட்டி, யாரு இந்த டாமும் சாமும்? ஒங்கூடப் படிக்க வெள்ளக்காரப் பயலுவளா?"

2005ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைப்பு அட்டையில் மிச்சமிருந்த நிமிடங்களை எண்ணியபடி பேசிக்கொண்டிருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இருவருமே அவரை அம்மா என்றே அழைத்து வந்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம்.

அப்போது நாங்கள் தென் ஜெர்மனியின் ஒரு பல்கலைக்கழக நகரில் ஆய்வு மாணவர்களாக இருந்தோம். ஒரே ஆய்வகம், ஒரே குளிர் அறை, ஏறத்தாழ ஒரே கேள்வி. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபட்ட டாமையும் சாமையும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர் ஆட்கள் என்று எண்ணியதில் பிழையில்லை. நாங்களும் ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசிக்கொண்டிருந்தோம். 'டாம் இன்றைக்கு ஒத்துழைக்கவில்லை', 'சாம் இல்லாமல் எதுவும் நடக்காது' என்றெல்லாம்.

அவர்கள் ஆட்கள் அல்லர், புரதங்கள் என்று சொன்னோம். அடுத்த கேள்வி உடனே வந்தது. அதில் நாலு வருடம் படிக்க அப்படி என்ன இருக்கிறது? 'ஒரு சுவரில் கதவு எப்படிப் பதிகிறது என்று பார்க்கிறோம்' என்று, எங்களுக்கே சற்றுப் பெருமையாகப்பட்ட ஒரு விடையைச் சொன்னோம். அம்மா சிரித்துவிட்டார்.

"சுவரு எழும்புன பொறவா நிலை வைப்பாவ? நிலைய வச்சிட்டுத்தானட்டி சுவர எழுப்புவாவ."

அவர் வீடு கட்டியவர். மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து நிலையை நிறுத்திய பிறகே அதன் இருபுறமும் செங்கல் ஏறியதைக் கண்ணால் கண்டவர். நாங்கள் வாசித்துக் குவித்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் எதுவும் எங்கள் கேள்வியை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. சுவர் முன்பே நிற்கிறது. அது ஒருபோதும் இடிக்கப்படுவதில்லை, புதிதாக எழுப்பப்படுவதுமில்லை. அதில் நாள்தோறும் புதிய கதவுகள் பதிகின்றன. தச்சன் எங்கே நிற்கிறான்?

இலக்கியம் வாசிக்க வருகிறவர்களின் முன்னால் இதை விரிப்பதற்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனால் சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு துயரத்தோடு பின்னிப்போய்விட்ட விஷயம் இது. அந்தத் துயரைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கதவைத் திறந்துதான் போக வேண்டியிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லை 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் ஆக்கினார். மைட்டோஸ் என்றால் கிரேக்கத்தில் இழை. கோண்ட்ரியோன் என்றால் சிறுமணி. தமிழில் யாரோ அதை இழைமணி என்று பெயர்த்தார்கள். மூலத்தைவிட அழகான பெயர்ப்பு. நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இந்த இழைமணிகள் இருக்கின்றன. உண்ட உணவும் இழுத்த மூச்சும் இறுதியில் அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. செல் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது.

இழைமணி ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு செல்லுக்குள் புகுந்து, வெளியேறாமல் தங்கிவிட்டது. இந்த எண்ணத்தைப் புதிய சான்றுகளோடு 1967இல் முன்வைத்த லின் மார்குலிஸின் கட்டுரையை இதழ்கள் பலவும் திருப்பியனுப்பின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1964இல், இழைமணிக்குள் சொந்த டி.என்.ஏ. இருப்பதை வியன்னாவில் ஈஸ்டைக் கொண்டு காட்டியவர்களில் ஒருவர் காட்ஃபிரீட் ஷாட்ஸ். இசை நாடக அரங்குகளில் வயலின் வாசித்தவர். பின்னாளில் நல்ல கட்டுரையாளராகவும் அறியப்பட்டவர். 2015இல் மறைந்தார். எங்கள் துறையில் மொழிநடைக்காகவும் வாசிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. அவர் அவர்களில் ஒருவர்.

உள்ளே தங்கிய விருந்தாளி, தன் ஓலைச்சுவடிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டது. மனித இழைமணியில் இன்று எஞ்சியிருப்பது 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு டி.என்.ஏ. வளையம். அதில் எழுதப்பட்டிருப்பவை 13 புரதங்கள் மட்டுமே. ஆனால் இழைமணி இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மற்றவை எல்லாம் செல்லின் உட்கருவில் எழுதப்பட்டு, வெளியே செல்திரவத்தில் செய்யப்பட்டு, பிறகு இழைமணியைத் தேடி வருகின்றன. வீட்டின் சமையல் குறிப்புகள் தெருமுனை அலுவலகத்தில்; சமைத்ததை நாள்தோறும் வாசல்வழி கொண்டுவர வேண்டும்.

ஆகவே வாசல் முக்கியம்.

இழைமணிக்கு இரண்டு சவ்வுகள். இரண்டு சுவர்கள் என்று கொள்ளலாம். அவற்றுக்கிடையே ஒரு குறுகிய இடைகழி. வெளிச்சுவரில் மிக அதிகமாக இருக்கும் துளைப் புரதத்துக்குப் போரின் என்று பெயர். 1976இல் பாரமீசியத்தின் இழைமணியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு செயற்கைச் சவ்வில் இட்டபோது, மின்னோட்டம் படிப்படியாகத் தாவியதைக் கொண்டு இது கண்டறியப்பட்டது. ஒவ்வொரு தாவலும் ஒரு கதவு திறப்பதன் அடையாளம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. வெளியேறுவதும், செலவழிந்த நாணயம் திரும்பி வருவதும் இதன் வழியாகத்தான். 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் இதன் வடிவத்தைத் தெளிவாக வரைந்து காட்டின. 19 பலகைகளைச் சுற்றிச் சேர்த்த பீப்பாய் போன்ற ஒன்று, உள்ளீடற்றது, சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்பது. பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலும் இதே குடும்பச் சாயலில் பீப்பாய்கள் உண்டு. குடியேறியவர் தம் ஊர்க் கதவின் வடிவத்தை மறக்கவில்லை.

இந்தப் பீப்பாய் செய்யப்படும் இடத்திலேயே பீப்பாயாக ஆகிவிடுவதில்லை. மடியாத ஒரு நீண்ட சரடாக அது வருகிறது. சவ்வுக்குள் இருக்கவேண்டியது என்பதால் தண்ணீரில் தனியே விட்டால் சுருண்டு கட்டிபட்டுவிடும். துணைப்புரதங்கள் அதைத் தாங்கிக்கொண்டு வருகின்றன. வாசலில் வரவேற்பவர்கள் சரட்டின் மேல் எழுதப்பட்டிருக்கும் அடையாளத்தைத் தொட்டறிந்து உள்ளே விடுகிறார்கள். அந்த வாசலின் பெயர்தான் டாம். அதன் நடுவில் டாம் 40 என்ற புரதம் துளையாக நிற்கிறது. 40 என்பது அதன் எடையைக் குறிக்கும் எண்.

புதிதாக வந்தவர்களை எப்போதும் திகைக்கவைக்கும் இடம் அடுத்து வருகிறது. போரின் பதியவேண்டியது வெளிச்சுவரில். அது வெளியிலிருந்துதான் வருகிறது. எனவே நேராக அங்கேயே பதிந்துவிடலாமே! அப்படி நடப்பதில்லை. சரடு டாமின் துளைவழியாக வெளிச்சுவரைக் கடந்து இடைகழிக்குள் போகிறது. அங்கே சிறிய டிம் புரதங்கள் அதைக் கலையாமல் ஏந்திக்கொள்கின்றன. பிறகு சுவரின் உட்புறத்திலிருந்து சாம் அதை வாங்கி, வெளிச்சுவரில் பதிக்கிறது. பாக்டீரியாவில் புரதங்கள் உள்ளே செய்யப்பட்டதால், வெளிச்சவ்வுக்கு அவை உள்ளிருந்துதான் போகமுடியும். ஊரே மாறி, சமையலறை வெளியே போய், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பின்னும் தச்சன் நிற்கும் இடம் மாறவில்லை. சரடு அவனிடம் போய்ச் சேர்வதற்காகச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து திரும்புகிறது.

சாம் எப்படிப் பதிக்கிறது? அதன் நடுப்புரதமான சாம் 50உம் ஒரு பீப்பாய்தான். அதன் முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் இடையிலுள்ள மூட்டு பக்கவாட்டில் திறக்கக்கூடியது. உள்ளே வரும் சரட்டின் கடைசிப் பகுதியில் ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறி மூட்டைத் திறந்து, சாமின் முதல் பலகையோடு கைகோக்கிறது. பிறகு இரண்டிரண்டு பலகைகளாக மடிந்து மடிந்து, பழைய பீப்பாயின் பக்கத்திலேயே புதிய பீப்பாய் வளர்கிறது. முழுமையானதும் பிரிந்து சவ்வில் நழுவிப் போய்விடுகிறது. பக்கக் கதவு திறக்கும் இந்தக் காட்சி 2018இல் ஈஸ்டில் நுட்பமாக நிறுவப்பட்டது. நாங்கள் ஆய்வகம் நுழைந்த நாட்களில் சாம் 50 கண்டறியப்பட்டே ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2003இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளின் நகல்கள் எங்கள் மேசையில் கசங்கிக் கிடந்தன.

எங்களுடைய முதல் ஓராண்டு தோல்வியில் கழிந்தது. ஈஸ்டிலிருந்து இழைமணிகளைப் பிரித்தெடுப்போம். கதிரியக்கக் கந்தகத்தால் குறியிட்ட போரின் சரட்டை அதனோடு சேர்த்துச் சில நிமிடங்கள் வெதுவெதுப்பில் வைப்போம். பிறகு பனிக்கட்டியில் அமிழ்த்தி, புரதங்களை அறுக்கும் நொதி ஒன்றைச் சேர்ப்போம். சவ்வில் ஒழுங்காகப் பதிந்த போரின் மட்டும் அந்த அறுவைக்குத் தப்பும். எக்ஸ்ரே படச்சுருளில் ஒரு கரிய பட்டையாக அது தெரியவேண்டும். மாதக்கணக்கில் எங்கள் சுருள்கள் வெறுமையாக இருந்தன. சரட்டில் குறை என்று நினைத்தோம், நொதியில் குறை என்று நினைத்தோம். கடைசியில் தெரிந்தது, பிரித்தெடுக்கும்போது நாங்கள் கொடுத்த முரட்டு அழுத்தத்தில் இழைமணிகளின் வெளிச்சுவர் கிழிந்திருந்தது. கிழிந்த வழியே இடைகழியில் இருந்த சிறிய டிம்கள் சிந்திப் போயிருந்தன. டாம் இருந்தது, சாம் இருந்தது, இரண்டுக்கும் நடுவே ஏந்திக்கொள்ள யாருமில்லை. கையை இலகுவாக்கிய வாரத்தில் முதல் பட்டை விழுந்தது. ஞாயிறன்று அம்மாவிடம் சொன்னோம். 'சாமுக்கு ஒடம்பு சரியாயிட்டா?' என்று கேட்டார்.

ஆனால் அவருடைய நிலை பற்றிய கேள்விக்கு நாங்கள் விடை சொல்லி முடிக்கவில்லை. அது சொல்லச் சொல்லப் பின்னோக்கி நகரும் விடை. போரின் பதிய டாம் 40 வேண்டும். டாம் 40உம் ஒரு பீப்பாய்தான். அது பதிய, முன்பே பதிந்த இன்னொரு டாம் 40உம் ஒரு சாம் 50உம் வேண்டும். சாம் 50 பதிய? முன்பே பதிந்த இன்னொரு சாம் 50. கதவைப் பதிக்கும் தச்சனும் ஒரு கதவு. அவனைப் பதித்தவனும் ஒரு கதவு. ஈஸ்டிலிருந்து சாம் 50இன் மரபணுவை நீக்கிவிட்டால் அந்த ஈஸ்ட் வாழ்வதில்லை. இழைமணியை வெறுமையிலிருந்து ஆக்கும் வழி எந்தச் செல்லுக்கும் தெரியாது. இருக்கும் இழைமணி வளர்ந்து பிரிந்துதான் இன்னோர் இழைமணி வரும். மரபணு முழுவதும் எழுத்துப் பிசகாமல் கையில் இருந்தாலும், பதித்துக்கொடுக்க ஒரு பழைய கதவு இல்லையென்றால் அந்த எழுத்துக்குப் பயனில்லை. முதல் கதவு எங்கே என்று கேட்டுக்கொண்டே போனால், கடலில் தனியாக மிதந்த ஒரு பாக்டீரியாவில் போய் நிற்போம். அங்கேயும் அதற்கு முந்தைய ஒன்று இருந்திருக்கும்.

அந்தக் கதவுகள் நம்மிடம் வந்த வழி ஒன்றே ஒன்று. கருமுட்டை. தந்தையின் விந்தணுவிலும் இழைமணிகள் உண்டு; நீந்தி வருவதற்கு அவை உதவுகின்றன. ஆனால் கருவுற்ற பிறகு அவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. தாயிடமிருந்து, தாயின் தாயிடமிருந்து, அவள் தாயிடமிருந்து என்று ஒற்றை இழையாக வருவது இது. எங்கள் ஆய்வேட்டின் முன்னுரையிலும் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு. எழுதியபோது அது ஒரு வாக்கியம் மட்டுமே.

அம்மா 2020 மே மாதம் இறந்தார். தொற்றால் அல்ல, உறக்கத்தில், இதயம் நின்று. விமானங்கள் நின்றுபோயிருந்த நாட்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் ஜெர்மனியில் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். படம் அடிக்கடி உறைந்து நின்றது. வீட்டின் நிலையைத் தாண்டி அவரை வெளியே கொண்டுவந்த அந்தச் சில நொடிகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உறைந்த படம் மீண்டபோது தெருவில் இருந்தார்கள்.

எங்கள் மகனுக்கு அப்போது பத்து வயது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் பரம்பரையைப் பற்றிப் பாடம் வந்தது. வீட்டில் இருவரும் இதே வேலை செய்பவர்கள் என்பதால் எங்களிடம் வந்து கேட்டான்.

"அப்படின்னா பாட்டியோட இழைமணி எங்கிட்ட இருக்கு?"

இருக்கிறது என்றோம்.

"எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு ஒரே மகள். அந்த மகளுக்கு ஒரே மகன். வகுப்பில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு சொல்லில் விடை சொல்லியிருப்போம். இங்கே அந்தச் சொல் வரவில்லை. இல்லை என்பதை அவனே எங்கள் முகத்திலிருந்து படித்துக்கொண்டான். "ஓ, என்னோட நின்னுடும்" என்றான். குற்ற உணர்வு போன்ற ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை சுமக்கக்கூடாத ஒன்று.

அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்வதில்லை என்பது எங்கள் வீட்டில் ஓர் உடன்பாடு. எனவே உண்மையிலேயே ஆறுதல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். பழைய வாசிப்பில் அது கிடைத்தது.

2009இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் ஒரு போரினை எழுதும் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தார்கள். அந்தச் சரட்டுக்கு இழைமணியின் முகவரி எதுவும் எழுதித் தரப்படவில்லை. ஆனால் அது நேராக இழைமணிக்குப் போயிற்று. டாம் வழிவிட, சாம் அதைப் பிடித்து வெளிச்சுவரில் பதித்துவிட்டது. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன குடும்பத்தின் சரடு அது. தச்சன் அடையாளம் கண்டுகொண்டான். மறு ஆண்டே எதிர்த்திசையிலும் காட்டினார்கள்: இழைமணியின் போரினைப் பாக்டீரியா தன் சுவரில் பதித்துக்கொண்டது. இந்தக் கட்டுரைகளை நாங்கள் முன்பு பரிணாமத்துக்குச் சான்றாக மட்டுமே வாசித்திருந்தோம்.

மறுநாள் மகனிடம் சொன்னோம். பாட்டியிடமிருந்து வந்த கதவு எதுவும் இன்று உன்னிடம் இல்லை. புரதங்கள் தேய்ந்து சிதைந்து புதிதாகிக்கொண்டே இருப்பவை. உன்னிடம் இருப்பது, அவருடைய கதவுகள் பதித்த கதவுகள் பதித்த கதவுகள். பொருள் எப்போதோ போய்விட்டது. பதிக்கும் வேலை மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. அந்த இழை உன்னோடு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் போரினை எழுதும் மூன்று மரபணுக்களும், சாம் 50ஐ எழுதும் மரபணுவும் உட்கருவில் இருக்கின்றன. அவை அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வருபவை. பாட்டியின் எழுத்தில் சில உன்னிடம் இருக்கலாம். உன் பிள்ளைக்கும் போகலாம். அப்படிப் போகும் சரட்டை, நாம் இன்னும் முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் தாய்வழியில் வந்த கதவு வாங்கிப் பதிக்கும். அதற்கு அந்தச் சரடு அந்நியமாக இராது. உனக்குள் இப்போதே அது நடந்துகொண்டிருக்கிறது. உன் அப்பா வழியில் வந்த எழுத்தில் உருவான சரடுகளை, உன் பாட்டி வழியில் வந்த இழைமணிகள் நீ கருவான நாளிலிருந்து கேள்வி கேட்காமல் பதித்துக்கொண்டிருக்கின்றன.

அவன் சற்று நேரம் யோசித்தான். "பாட்டி அப்பாவை மருமகனா ஏத்துக்கிட்ட மாதிரி" என்றான்.

எங்கள் திருமணத்துக்கு இரண்டு பக்கத்திலும் எதிர்ப்பு இருந்தது. முதலில் கதவைத் திறந்தவர் அம்மா. அதை மகனிடம் நாங்கள் விரிவாகச் சொன்னதில்லை. அம்மா சொல்லியிருக்கவேண்டும்.

பாளையங்கோட்டை வீட்டைச் சென்ற ஆண்டு விற்றோம். வாங்கியவர் சுவர்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். நியாயம்தான், சுவர்கள் பழசாகிவிட்டன. சில மாதங்களுக்குப் பிறகு ஒரு படம் அனுப்பியிருந்தார். கடைக்கால் மட்டத்தில் செங்கல் வரிசை. சுவர் இன்னும் எழும்பவில்லை. நடுவே மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, அம்மாவின் பழைய தேக்கு நிலை தனியாக நின்றுகொண்டிருந்தது.